மதியம் காலியாக இருக்கும் தாய்லாந்து உணவகத்தை நம்பிப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். பார்களும் நடன விடுதிகளும் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் ஒரு தாய்லாந்து உணவகம். இரவில் வாசலில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். மதியம் எட்டிப் பார்த்தால் பாதி மேசைகூட நிரம்பவில்லை, விலையோ இரவு விலையைவிட நன்றாகவே குறைவு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மதியம் போகலாம் என்று நினைக்கிறீர்கள். அம்மா சைவம். இருவருமே இதற்குமுன் தாய்லாந்துச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. போகலாமா, போனால் என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத சந்தேகம் ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: மதியம் மலிவாகக் கொடுப்பது முந்தின இரவு மிஞ்சியதையா? தாய்லாந்து உணவகச் சமையலறைகளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான், அவற்றில் சில இந்த மாதிரித் தெருக்களில் இருந்தவைதான். அதனால் அந்தச் சந்தேகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விலை குறைவாக இருப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் வாடகையைக் கட்டுவது இரவு வியாபாரம், அதிலும் பெரும்பங்கு மது. மதியம் கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும் சமையலறைக்குக் காலையிலேயே ஆள் வந்தாக வேண்டும். காய் வண்டி வரும், மீன் வரும், துளசியும் கொத்தமல்லியும் ஆய வேண்டும், எலுமிச்சைப் புல்லைத் தட்டி நறுக்க வேண்டும், எலும்பு கொதித்துக்கொண்டிருக்கும். இந்த வேலையெல்லாம் இரவுக்காக எப்படியும் நடப்பது. அப்படி வந்த ஆட்களையும் ஏற்றிய அடுப்பையும் வைத்து மதியம் நாற்பது சாப்பாடு விற்றால், குறைந்த விலைக்கு விற்றாலும் முதலாளிக்கு லாபம்தான். மலிவுக்கு இது போதுமான காரணம். பழைய சாப்பாட்டைத் தள்ளிவிட வேண்டிய அவசியம் இதில் இல்லை.

இன்னொரு விஷயமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. இரவில் வருபவர்கள் பெரும்பாலும் ஒருமுறை வந்து போகிறவர்கள். இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு வந்து உட்காருபவருக்கு உப்பும் காரமும் எண்ணெயும் தூக்கலாக இருந்தால் போதும். மதியம் வருபவர்கள் அக்கம்பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், கடை ஊழியர்கள், சரக்கு இறக்க வந்தவர்கள். நிதானமாக, பசியோடு வருகிறவர்கள். ஒரு நாள் சரியில்லை என்றால் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் மதியச் சாப்பாட்டை ஒழுங்காகப் போடும் கடைக்குத்தான் அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப ஆள் வரும். நீங்கள் போகும்போது பாதி மேசை காலியாக இருப்பது பெரிய விஷயமில்லை. நிரம்பியிருக்கும் அந்தக் கொஞ்ச மேசைகளில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மெனுவைப் பார்க்காமலே சாப்பாடு சொல்லும் ஆட்கள் இரண்டு பேர் இருந்தாலும் எனக்கு அது நல்ல அறிகுறி.

இனி, வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவை. மதியம் அடுப்பில் நிற்பது யார் என்பது முதலாவது. இரவு இரண்டு மணிவரை வாணலி பிடித்த தலைமைச் சமையல்காரர் பகல் பதினொரு மணிக்கு வந்திருக்கமாட்டார். பெரும்பாலும் இரண்டாவது ஆள், சில இடங்களில் தயாரிப்பு வேலை பார்க்கும் ஆள் சமைப்பார். அவர் கெட்டிக்காரராகவும் இருக்கலாம், கற்றுக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம், முதல் தட்டு வரும்வரை தெரியாது. இரண்டாவது, அது உண்மையில் உணவகமா, அல்லது தாய்லாந்துத் தீனி போடும் பாரா என்பது. இதை ஓரளவு மெனுவே சொல்லிவிடும். மதிய மெனுவில் ஸ்பிரிங் ரோல், மீன் வடை, பொரித்த கோழி என்று எண்ணெய்ச் சட்டியிலிருந்து வரும் ஐட்டங்களே முக்கால்வாசி இருந்தால், அந்தச் சமையலறை இரவு பீருக்குத் துணையாகக் கட்டப்பட்டது. தாய்லாந்து, சீனம், சுஷி எல்லாம் ஒரே அட்டையில் இருந்தாலும் நான் தயங்குவேன். மாறாக, ஒற்றைத் தாளில் எட்டோ பத்தோ ஐட்டம் மட்டும் போட்டிருந்தால் தைரியமாக உட்காருங்கள்.

மிச்சம் மீதியில் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியது சோறுதான். வெந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு தங்கிவிடும். சோறு அறை வெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் வாந்தி வரவைக்கும் அந்த நச்சு அழியாது. அதனால்தான் சோற்றை 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லாவிட்டால் சீக்கிரம் ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே குளிர்சாதனப் பெட்டியில் வை என்று சமையலறைகளில் சொல்லிச் சொல்லிப் பழக்குவார்கள். வறுத்த சோற்றுக்கு முந்தின நாள் சோற்றை எடுப்பது வழக்கமான முறை, முறையாகக் குளிரவைத்திருந்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் நள்ளிரவு தாண்டிக் கடை மூடும் இடத்தில், களைத்துப்போன ஆள் அந்தச் சோற்றை உடனே குளிரவைத்தாரா என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாத கடையில் முதல் மதியம் நான் ஃபிரைடு ரைஸ் சொல்வதில்லை. வெள்ளைச் சோறு காலையில் புதிதாக வடித்ததாகத்தான் இருக்கும். மல்லிகை அரிசியின் வாசனையோடு, ஆவி பறக்க, உதிரியாகவும் லேசான ஒட்டலோடும் வர வேண்டும்.

என்ன வாங்குவது? ஒரு கடையை எடைபோட நான் முதலில் சொல்வது பட் கப்ராவ். தாய்லாந்திலேயே மதியத்துக்கு ஒரே தட்டில் போட்டுச் சாப்பிடும் சாப்பாடு என்றால் பலருக்கும் முதலில் நினைவு வருவது இதுதான். பூண்டையும் சின்ன மிளகாயையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, புகையக் காய்ந்த எண்ணெயில் போடுவார்கள். அந்த நொடியில் கிளம்பும் நெடி கூடம்வரை வந்து தொண்டையைக் கமறவைக்கும். யாராவது இருமினால் சமையல் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அதில் கொத்திய கோழியோ பன்றியோ சேரும், பிறகு மீன் சாஸ், சிப்பியிலிருந்து செய்யும் ஆய்ஸ்டர் சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. கடைசியில் ஒரு கைப்பிடி கப்ராவ் இலையைப் போட்டு இரண்டு புரட்டு புரட்டி இறக்கிவிடுவார்கள். அந்த இலை நாம் துளசி என்று சொல்லும் அதே செடியினம். கிராம்பு மாதிரி ஒரு காரமணம் இருக்கும். மேலே ஓரம் பழுப்பாக மொறுமொறுத்து, மஞ்சள்கரு இளகியிருக்கும் ஒரு பொரித்த முட்டை. அடுப்பில் ஏற்றி இறக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. முன்கூட்டிச் செய்துவைத்தால் இலை கறுத்துத் துவண்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதில் சந்தேகத்துக்கு இடமான ஒரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் கப்ராவ் இலை கிடைக்காமல், சோம்பு வாசனை அடிக்கும் ஹொராப்பா இலையைப் போடுவார்கள். ருசி வேறாக இருக்கும், ஆனால் அதை வைத்து மட்டும் கடையைத் தள்ளிவிடாதீர்கள். வெங்காயமும் பீன்ஸும் சேர்க்கலாமா என்று தாய்லாந்துக்காரர்களே தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். என் கட்சி, சேர்க்கக்கூடாது என்பது.

சோம் தம், அதாவது பச்சைப் பப்பாளி சாலட், சொன்னால் காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான மண் உரலில் மர உலக்கையால் தொக், தொக் என்று இடிக்கும் சத்தம் உள்ளேயிருந்து வர வேண்டும். பூண்டு, மிளகாய், பயற்றங்காய், தக்காளி, வெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ், கடைசியில் துருவிய பப்பாளி. ஒரு கையால் இடித்துக்கொண்டே மறு கையில் கரண்டியால் புரட்டிவிடுவார்கள். சத்தமே கேட்காமல் இரண்டு நிமிஷத்தில் தட்டு வந்துவிட்டால் காலையிலேயே கலந்து வைத்தது, பப்பாளி தண்ணீர் விட்டுத் தொளதொளத்திருக்கும். மதியம் கூட்டம் குறைவாக இருப்பது பட் தாய் நூடுல்ஸுக்கும் நல்லது. அதை ஒரு வாணலியில் ஒன்றோ இரண்டோ தட்டுக்குத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். இரவு நெரிசலில் ஆறு தட்டை ஒன்றாகப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி நூடுல்ஸ் குழைந்துவிடும். அதே கடையில் மதியம் சாப்பிடும் பட் தாய் இரவில் கிடைப்பதைவிட நன்றாக இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

குழம்பு வகைகளில் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் மதிய செட்டில் குழம்பு பெரும்பாலும் ஏற்கெனவே செய்து சுடுநீர்த் தொட்டியில் வைத்ததாகத்தான் இருக்கும். அப்படி வைத்தால் கெடுவதும் உண்டு, கூடுவதும் உண்டு. பச்சை நிறக் குழம்பு (கிரீன் கறி) கெடும். நிறம் மங்கும், இலை கறுக்கும், அதில் போடும் கத்தரிக்காயும் சுண்டைக்காயும் கரைந்துபோகும். மசமான் நேர்மாறு. ஏலம், பட்டை, சீரகம், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் சேர்ந்த அந்தக் குழம்பு நின்று ஊறினால் ருசி ஏறும். பனாங் என்ற கெட்டிக் குழம்பும் ஓரளவு தாங்கும். அதனால் மதியம் குழம்பு வேண்டுமென்றால் மசமான் சொல்லுங்கள். குழம்புக்கான மிளகாய் விழுது கடையிலேயே இடித்ததா, டப்பாவில் வந்ததா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் நிறைய உணவகங்கள் வாங்கிய விழுதைத்தான் பயன்படுத்துகின்றன, அதை நான் குறையாக நினைப்பதில்லை. தேங்காய்ப்பாலின் கெட்டியான மேல்பகுதியைக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்த பிறகு அதில் விழுதைப் போட்டு வாசனை எழும்வரை வதக்கினார்களா என்பதில்தான் ருசி இருக்கிறது. வதக்கியிருந்தால் குழம்பின் மேல் நிறமேறிய எண்ணெய் முத்து முத்தாக மிதக்கும். ஆனால் பாக்கெட்டில் வரும் சில தேங்காய்ப்பால்களில் பிரியாமலிருக்கச் சேர்மானம் கலந்திருக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் எண்ணெய் விடாது. முத்து இருந்தால் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். இல்லையென்றால் மோசம் என்று சொல்லமாட்டேன், பச்சை வாசனை அடிக்கிறதா என்று நாக்கால்தான் பார்க்க வேண்டும்.

டாம் யம் சூப் செட்டோடு இலவசமாக வந்தால் குடித்துப் பாருங்கள், ஆனால் அதை வைத்துக் கடையைத் தீர்மானிக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும். அண்டாவில் வைத்துச் சூடாகவே இருக்கும் சூப்பில் அந்தப் புளிப்பின் கூர்மை போய்விடும். தனியாகச் சொல்லி வாங்கினால் அங்கேயே பிழிந்து தருவார்கள். அதில் மிதக்கும் எலுமிச்சைப் புல், பேரரத்தைத் துண்டு, மக்ரூட் எலுமிச்சை இலை மூன்றும் வாசனைக்கு மட்டும், ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது அம்மாவின் சாப்பாடு. இங்கே நான் அடித்துச் சொல்வேன்: “சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது. தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதில் நிற்பது மீன் சாஸ். காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் அது இருக்கும், கூடவே ஆய்ஸ்டர் சாஸும் இருக்கும். மிளகாய் விழுதுகளில் பெரும்பாலும் இறால் விழுது அரைத்தே சேர்ந்திருக்கும், பிறகு யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே டோஃபு, அதாவது சோயா பனீர், போட்ட பச்சைக் குழம்பைச் சைவம் என்று மெனு சொன்னாலும் விழுதில் இறால் இருக்கிறதா என்று கேளுங்கள். பரிமாறுபவர் யோசிக்காமல் “இல்லை” என்றால், உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். தாய்லாந்துக்காரர் சமைக்கிறார் என்றால் “ஜே” என்ற ஒரு சொல் நிறைய வேலையை முடித்துவிடும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத சாப்பாடு அது, பூண்டு வெங்காயமும் போடமாட்டார்கள். பூண்டு வேண்டும் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் சொல்வது, டோஃபுவும் காளானும் போட்டு, சோயா சாஸில் மட்டும் புரட்டிய கப்ராவ். முட்டை சாப்பிடுவாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோம் தம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இடிப்பது என்பதால், உலர் இறாலும் மீன் சாஸும் இல்லாமல் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தரச் சொல்லலாம். ஆனால் உரலும் வாணலியும் எல்லாருக்கும் பொதுவானவை, நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவுவதோடு சரி. அது அம்மாவுக்கு ஒத்துவருமா என்று போகுமுன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்களில் யாருக்காவது வேர்க்கடலையோ இறாலோ கடுமையாக ஒத்துக்கொள்ளாது என்றால் என் பதிலே மாறிவிடும். அதே பொது உரலும் பொது வாணலியும்தான் காரணம். சமையல்காரர் மனதார “போடவில்லை” என்று சொன்னாலும் அந்தச் சமையலறையில் அதற்கு உத்தரவாதம் கிடையாது, நான் போகச் சொல்லமாட்டேன்.

காரம் பற்றி: முதல் முறை “கொஞ்சம் காரம்” என்றே சொல்லுங்கள். பிரிக் நாம் பிளா என்று, மீன் சாஸில் மிளகாய் நறுக்கிப் போட்ட சின்னக் கிண்ணம் ஒன்று கேட்டால் தருவார்கள், கூட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது. அம்மாவுக்கு அதையே சோயா சாஸில் கேளுங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, மிளகாயின் எரிச்சல் எண்ணெயில்தான் கரையும். சோறு, வெள்ளரித் துண்டு, அல்லது பால் ஊற்றிய தாய்லாந்து ஐஸ் டீ கேட்கும். சாப்பாடு திகட்டத் திகட்ட இனிப்பாக வந்தால் ஒரு எலுமிச்சைத் துண்டு கேட்டுப் பிழிந்துகொள்ளுங்கள், தாய்லாந்தில் மேசையிலேயே சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ் வைத்து அவரவர் ருசிக்குச் சரிசெய்துகொள்வதுதான் நூடுல்ஸ் கடைகளின் பழக்கம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சாப்பிடுவதற்குக் கரண்டியும் முள்கரண்டியும் கொடுப்பார்கள். முள்கரண்டியால் தள்ளி, கரண்டியால் வாயில் போட வேண்டும். குச்சிகள் நூடுல்ஸ் சூப்புக்கு மட்டும்.

கடைக்கு வெளியே “தாய் செலக்ட்” என்ற முத்திரை ஒட்டியிருந்தால் அது தாய்லாந்து வணிக அமைச்சகம் கொடுப்பது. வெளிநாடுகளில் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்க அந்த அரசே 2002 வாக்கில் திட்டம் போட்டு இறங்கியது, சமையல் தரத்துக்குச் சான்று கொடுப்பதும் அந்த முயற்சியோடு சேர்ந்ததுதான். முத்திரை இருந்தால் சமையல் முறை தெரிந்த கடை என்று எடுத்துக்கொள்ளலாம், இன்றைய மதியத்துக்கு அது பொறுப்பாகாது. முத்திரை இல்லாத அருமையான கடைகளும் நிறைய.

அம்மாவுக்கு அந்தத் தெரு சங்கடமாக இருக்குமோ என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இந்தத் தெருக்களுக்குப் பகலில் வேறு முகம். ஷட்டர்கள் இறங்கியிருக்கும், பீர்ப் பீப்பாய்களை உருட்டி இறக்குவார்கள், நடைபாதையைக் குழாய் வைத்துக் கழுவுவார்கள், முந்தின இரவின் புளித்த வாடை கொஞ்சம் இருக்கும். அந்த வாடை தெருவுடையது, கடையின் சுத்தத்தை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே மேசையைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் இரவு மூடும்போது துடைக்கவில்லை. கழிப்பறையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கவலையில்லாமல் உட்காரலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, திறந்த உடனே போகாதீர்கள், முதல் கால் மணி நேரத்தில் அடுப்பும் ஆட்களும் இன்னும் சூடு பிடித்திருக்கமாட்டார்கள். மதியச் சேவை முடிவதற்கு முந்தின அரைமணியையும் தவிர்த்துவிடுங்கள், அப்போது தொட்டியில் அடியில் கிடக்கும் குழம்புதான் வரும், சமையல்காரரின் கவனமும் இரவுக்கான வேலைக்குப் போயிருக்கும். பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் கடை என்றால் பன்னிரண்டேகாலுக்கு உட்கார்ந்துவிடுங்கள், அலுவலகக் கூட்டம் வருமுன் உங்கள் தட்டு வந்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு கப்ராவ், ஒரு சைவக் கப்ராவ், நடுவில் மீன் சாஸ் இல்லாத ஒரு சோம் தம் போதும். மாம்பழம் பருவத்தில் இருந்தால் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டும் அரிசியோடு அதை ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். பருவம் இல்லையென்றால் அதைச் சொல்ல வேண்டாம்.